கம்பெனி வாக்கும் தெய்வ வாக்கா?



சாமியார் சொன்னால் நம்பக்கூடாது என்கின்ற நாம், கம்பெனிக்காரன் சொன்னால் மாத்திரம் ஏன் காரணம் கேளாமல் நம்ப வேண்டும்? இன்று நான் பேச வந்த விஷயம் இதுதான்.

2017-ம் வருஷம் செப்டம்பர் 12-ந் தேதி அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனியார் பெரிய கூட்டம் கூட்டி, ஏர்பவர் என்ற ஒரு பலகையைக் காட்டினார்கள். டெலிபோன், கைக்கடிகாரம், காதுக்கருவிப் பெட்டி ஆகிய மூன்றையும் அதன்மேல் எங்கே வைத்தாலும், கம்பி செருகாமலே மின்சாரம் ஏறும் என்றார்கள். 2018-ல் வரும் என்றார்கள். 2018 வந்தது, பலகை வரவில்லை. அவ்வருஷம் செப்டம்பரில் நடந்த கூட்டத்தில் அதன் பேச்சையே காணோம். 2019 மார்ச்சில் விற்ற காதுக்கருவியின் பொட்டலத்தில்கூட அப்பலகை குறிக்கப்பட்டிருந்தது. அதே மாதம் 29-ந் தேதி, அது தங்கள் உயர்ந்த தரத்துக்கு எட்டாதென்றும், ஆகவே கைவிட்டோமென்றும் சொல்லி முடித்துவிட்டார்கள்.

தோழர்களே! முடியாமற்போனது குற்றமல்ல. ஒரு கம்பிச் சுருளில் மாறிமாறி ஓடும் மின்சாரம், காந்த சக்தியின் மூலம் பக்கத்துச் சுருளில் மின்சாரத்தை எழுப்புகிறது. சுருளுக்கு நேரே சுருள் இல்லாவிட்டால் சக்தி வீணாகும். நடுவே உலோகம் இருந்தால் சூடேறும். எங்கே வைத்தாலும் ஏற வேண்டுமானால் பல சுருள்களை நெருக்கி அடுக்க வேண்டும். கஷ்டமான வேலைதான். ஆனால் எது தடுத்தது என்பதை அவர்கள் விவரமாய்ச் சொல்லவில்லை. தோல்வியைச் சொல்லுவது விஞ்ஞானம், மறைப்பது புரோகிதம்.

அதைவிட வேடிக்கை பக்தர்களுடையது! "நம் புத்திக்கு எட்டாத காரணம் இருக்கும்" என்று அவர்களே சமாதானம் கற்பித்துக் கொள்ளுகிறார்கள். மழை பெய்யாவிட்டால் யாகத்தில் குறையென்பானே, அவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

அதிலாவது முன்பணம் வாங்கவில்லை. டெஸ்லா கம்பெனியார் 2017 நவம்பரில் ரோட்ஸ்டர் என்ற புது மோட்டார் வண்டியைக் காட்டி, 2020-ல் தருவதாகச் சொல்லி, 50,000 டாலர் முன்பணம் கேட்டார்கள். 2024 முடிந்தும் ஒருவருக்கும் வண்டி வந்து சேரவில்லை. மறுஜன்மத்தில் மோட்சம் என்று தட்சணை வாங்குகிறவனுக்காவது, செத்தவன் திரும்பி வந்து கேட்கமாட்டான் என்ற தைரியம் உண்டு. இங்கே பணம் கொடுத்தவன் உயிரோடிருக்கிறான். அவன் ஏன் கேட்கக்கூடாது?

ஆகையால் கருவிகளே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. விஞ்ஞானம் நமக்கு வேண்டியதுதான். ஆனால் கையில் வராத பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். தேதி மாறினால் காரணம் கேளுங்கள். காரணம் சொல்லாதவன் அடுத்த தேதி சொல்லும்போது சந்தேகப்படுங்கள். நான் சொல்லுவதையும் அப்படியே நம்பாமல், உங்கள் பகுத்தறிவைக் கொண்டு யோசித்து முடிவு செய்யுங்கள் என்று சொல்லி என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.