முயலின் கண்ணில் ஒரு துளி

இரசாயனக் கலன்களில் சிவப்புக் கட்டத்துக்குள் சில படங்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணைப் பொறுத்தவரை, கையைத் திராவகம் அரிக்கும் படம் என்றால் பார்வைக்கே ஆபத்து. ஆச்சரியக்குறி என்றால் எரிச்சல், பிறகு ஆறிவிடும். இந்த வேறுபாட்டைப் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தவை முயல்கள்.

1930-களில் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ எனும் இமைச்சாயம் பெண்களின் பார்வையைப் பறித்தது. ஓர் உயிரும் போனது. 1938-இல் சட்டம் வந்தது. 1944-இல் ஜான் டிரெய்ஸ் ஒரு சோதனையை வகுத்தார். முயலின் ஒரு கண்ணில் 0.1 மில்லிலிட்டர் பொருளை விடுவார்கள், மறுகண் ஒப்பீட்டுக்கு. பிற்கால விதிப்படி, புண் ஆறுகிறதா என்று 21 நாள் வரை பார்ப்பார்கள். கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் சோதிக்காமல் விட்டால், முதல் சோதனை தொழிலாளியின் கண்ணில் அல்லவா நடக்கும்?

மாற்றுவழி இறைச்சிக் கூடத்திலிருந்து வந்தது. அறுத்த மாட்டின் கருவிழிப்படலத்தில் திரவத்தை 10 நிமிடம் வைத்துக் கழுவி, ஒளி எவ்வளவு மங்குகிறது, சாயம் எவ்வளவு ஊடுருவுகிறது என்று அளக்கிறார்கள். ஓஇசிடி அமைப்பு 2009-இல் இதை ஏற்றது. கடும் பாதிப்பை இது காட்டிவிடும். எரிச்சல் தந்து ஆறுகிற நடுத்தரப் பொருள்தான் சிக்கல். இறந்த கண் ஆறாதே! பல சோதனைகளைச் சேர்த்து முடிவெடுக்கும் வழிகாட்டி 2022-இல்தான் வந்தது.

மலேசியாவில் 2013 விதிமுறைகளின்படி விற்பனையாளர் தரவேண்டிய பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். 11-ஆம் பகுதியில் கண் பாதிப்பு விவரம் இருக்கும். சோதித்தது முயலிலா, மாட்டுக் கண்ணிலா என்பதும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.