மதுரை வானொலியும் நம் பாட்டும்



மதுரைக்குத் தனி வானொலி நிலையம் வாய்த்தது 1987இல். அதற்கு முன் நம்மவர் 1939இல் தோன்றிய திருச்சி நிலையத்துக்கே பெரிதும் செவிசாய்த்தனர். சங்கம் வளர்த்த ஊர் இத்துணைக் காலம் காத்திருந்தது!

தனியார் நிலையங்களின் திரைப்பாட்டால் இளைஞர் கெடுகின்றனரென்று இம்மன்றத்திற் சிலர் வருந்தினர். 1952இல் அமைச்சர் கேஸ்கர் திரைப்பாட்டை வானொலியில் ஒடுக்கினார். பயன் யாது? மக்கள் இலங்கை வானொலியை நாடினர்; 1957இல் விவித பாரதியைத் தொடங்கி அப்பாட்டை மீண்டும் அழைக்க நேர்ந்தது. ஆதலின் வைதல் வீண்.

நாம் அஞ்சுவது வேறு. மேலூர், உசிலம்பட்டிப் பக்கங்களில் நடவுப் பாட்டறிந்த மூதாட்டியர் ஒவ்வொருவராய் மறைகின்றனர். இயந்திரம் நடும் வயலிற் பாட்டேது? அப்பாட்டுக்கு இனி வானொலியே வயல். ஆயின் குரல் தேர்வுக்குப் பெண்மக்களை அனுப்பென்றால், ‘நம் குலத்துக்கு அடாது’ என்பர். மதுரையிற் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1998இல் பாரத ரத்னா பெற்றதை மட்டும் நம்மூர்ப் பெருமையென்பர்!

பாட வல்ல பெண்மக்கள் தத்தம் பாட்டியர் வாய்ப்பாட்டை ஏட்டிலெழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொணர்க. படியெடுத்துத் தருவது எம் பொறுப்பு. வழக்குச் சொல்லொன்றையும் திருத்தோம்.