கையொப்பமும் ஒப்புதலும்



மலாயில் அச்சிட்ட அறுவை ஒப்புதல் படிவத்தில் தோட்டத்து மூதாட்டி ஒருவர் கையொப்பமிடுகிறார், பொருள் விளங்கவில்லை. இஃது ஒப்புதலாகுமா?

நோயாளி முடிவெடுக்க இன்றியமையாத ஆபத்துகளை மருத்துவர் எடுத்துரைத்தே ஆகவேண்டும். மருத்துவர்தம் வழக்கம் அதற்கு அளவுகோல் ஆகாது என 2006இல் நம் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளக்கும் கடமை மருத்துவருடையது. ஆயினும், விளங்காமையைப் படுக்கையருகே முதலில் காண்பவர் தாதியே. அதனை அறுவைக்கு முன்பே மருத்துவருக்கு அறிவித்துப் பதிவுசெய்தல் அவர்தம் அறம். 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்றவர், தம் தொழில்நடத்தைக்குத் தாதியர் வாரியத்திடம் தாமே விடையிறுக்க வேண்டியவர்.

மாணவர்களே, ஜொகூர் மருத்துவமனைகளில் பணியேற்கும்போது தமிழில் இவ்வாறு கேளுங்கள்: “பாட்டி, உங்களுக்கு என்ன செய்யப்போகிறார்கள்? நீங்களே சொல்லுங்கள்.” அவர் விடை கூறிய பின்னரே கையொப்பம் ஒப்புதலாகும்.