இறங்கும் வழி முதலில்



இடையஞ்சாவடியில் கூடியிருக்கும் நாம் மரக்காணம் உப்பளக் கரையைச் சேர்ந்தவர்கள். கடல்மட்டக் காற்றுக்கே பழகிய உடல் நமக்கு. 6,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் இங்குள்ளதில் ஏறக்குறையப் பாதிதான். ஆகவே பெரு நாட்டின் அல்பமாயோ (5,947 மீட்டர்) போன்ற ஆண்டிஸ் சிகரத்தில் பனிச்சுவர் ஏற ஆசைப்படும் வாலிபருக்கு முதல் தேவை பனிக்கோடரி அல்ல, நாட்கள். 3,000 மீட்டரைத் தாண்டினால், உறங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஓய்வும் வேண்டும். விமானச் சீட்டின் தேதிக்காக இதைச் சுருக்குவது வீண் துணிச்சல்.

அங்கே மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். நள்ளிரவிலேயே புறப்படுவார்கள்; வெயில் பட்டால் பனி இளகி விழும். இறங்குவதற்குப் பனிக்கட்டியில் சாய்வாக இரு துளையிட்டு, உள்ளே அவை சந்திக்கும்படி செய்து, கயிறு கோத்துத் தொங்குவார்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கீழேயே தீர்மானித்துவிட வேண்டும். கார்மேகம் கண்டதும் உப்பை வாரிக் குவிக்கும் நம் ஜனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நெல்லூர் மாவட்டத்து மல்லி மஸ்தான் பாபுவும் கிழக்குக் கரைப் பக்கத்தவரே. 2006இல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் 172 நாட்களில் ஏறி முடித்தவர். 2015 மார்ச்சில் அர்ஜென்டினா, சிலி எல்லையிலுள்ள ஆண்டிஸ் மலையில் தனியே ஏறுகையில் காணாமற்போனார். ஏப்ரலில் உடல்தான் கிடைத்தது.

ஆதலால் போகிறவர் துணையோடு போகட்டும். உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்தால் முதல் சிகிச்சை உடனே கீழே இறக்குவது. தள்ளாடுகிறவர் தானாக இறங்க முடியாது.