கடற்கரை மணலும் கிராம சபையும்



நமது குமரி மாவட்டத்தில் நிலக்கரி இல்லை. ஆனால் கடல் அலை குவித்த கருமணல் உண்டு. 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், இங்கிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலின் மூலம், மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம் அந்நாளில் காஸ் விளக்கின் வலைக்குப் பயன்பட்டது. இன்றோ அணுசக்திக்கும் அருமண் தனிமங்களுக்கும் மோனசைட் வேண்டப்படுகிறது. இல்மனைட் வர்ணத்துக்கும், சிர்க்கான் பீங்கானுக்கும் உதவுகின்றன. மணவாளக்குறிச்சி மணல் ஆலை பலருக்கு வேலை தந்துள்ளது என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.

ஆயினும், மணல் எடுக்குமிடம் எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடலோர மணல்மேடு மழைநீரை வாங்கித் தன்னுள் தேக்கி வைக்கும் இயற்கைத் தொட்டியாகும். நன்னீர் உப்புநீரைக் காட்டிலும் இலேசானது. ஆகவே அதன்மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரம் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கக்கூடும். மேலே 1 அடி குறைந்தால் கீழே உப்பு அத்தனை அடி ஏறும். ஒருமுறை உப்பேறிய கிணறு தேறப் பல மழைக்காலம் செல்லும். தென்னையும் குடிநீரும் இதனால் துன்புறும். அஃதன்றி, மேடு தாழ்ந்தால் கடல் சீற்றத்துக்குக் குடியிருப்புகள் இலக்காகவும் கூடும்.

சுரங்கமும் நீரும் பிரியாதவை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்துடன் நிற்கும் ஊற்று நீரை இடைவிடாது இறைத்த பின்னரே நிலக்கரியை எடுக்க முடிகிறது. சுரங்கம் எங்கே வந்தாலும், விரிந்தாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி நீரைப் பற்றியதே.

இக்கேள்வியை எங்கே கேட்பது? 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை அதற்கு வழி வகுத்தது. திட்டத்தின் பாதிப்பை ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். அதன் சுருக்கத்தை மக்கள் மொழியிலும் தர வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புடன் மாவட்ட ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ தலைமையேற்கக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடைபெற வேண்டும். அங்கே பேசப்படுவன எழுத்திலும் ஒளிப்பதிவிலும் இடம்பெறும். அதன் பின்னரே நிபுணர் குழு ஆராயும்.

கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய கிராமங்களில் ஏறத்தாழ 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு, 2024 அக்டோபர் 1-இல் இத்தகைய கூட்டம் குறிக்கப்பட்டது. மக்கள் எதிர்த்தனர், கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பின்னர், 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு இக்கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. அதனைத் திரும்பப் பெறுமாறு தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

கனிமம் நாட்டுக்குத் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும் என்பது கிணற்றடியில் வாழ்பவனுக்கே தெரியும். டில்லியில் அமர்ந்துள்ள குழுவுக்கு அவன் சொன்னாலன்றித் தெரியாது. எனவே கூட்டம் நடந்தாலும் நடவாவிட்டாலும் ஊராட்சியின் கடமை மாறாது.

முதலாவது, ஊரிலுள்ள ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் கோடையிலும் மழையிலும் அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். சுரங்கம் வருமுன் எழுதிய கணக்கே பின்னாளில் சாட்சியாகும். இரண்டாவது, ஆய்வறிக்கை வந்தால் அதனைப் படித்தறியுங்கள். நமது குளமும் கால்வாயும் படகுத்துறையும் அதில் இடம்பெற்றுள்ளனவா என்று பாருங்கள். மூன்றாவது, கிராம சபையில் ஆதரவையோ எதிர்ப்பையோ காரணத்துடன் தீர்மானமாக நிறைவேற்றி, ஆட்சியருக்கும் அமைச்சகத்துக்கும் அனுப்புங்கள்.

அத்தீர்மானம் தானாகவே சுரங்கத்தைத் தடுத்துவிடாது. எனினும் முழக்கம் காற்றோடு போகும்; எழுத்தோ கோப்பில் நிற்கும். நாளை நம் மக்கள் கிணற்றில் வாளியை இறக்கும்போது நன்னீர் வர வேண்டுமானால், இன்றே நாம் எழுதத் தொடங்குவோமாக!