அயல்நாட்டு மாணவரின் அடுப்பு

இலங்கையின் இருப்புப்பாதையில் மிக உயரத்தில் அமைந்த நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திற்கு 6,200 அடிக்கும் மேலே, மூடுபனி அடிக்கடி வந்து மறைக்கும் மலைமுகட்டில் அது இருக்கிறது. தேயிலைக்குப் பெயர்பெற்ற அம்மலைப் பகுதியிலே கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு ஆகிய மரக்கறிகளும் செழித்து விளைகின்றன. அங்குள்ள தோட்டத்து லயமொன்றிலிருந்து ஒரு பிள்ளை கடல் கடந்து படிக்கப் புறப்படுமாயின், கொழுந்து பறித்த கைகளின் பல்லாண்டு உழைப்பு அதற்குப் பின்னே நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வாறு சென்ற பிள்ளை, வீட்டுக் கஷ்டத்தை எண்ணிச் சிக்கனம் பிடிக்க விரும்புகிறது. வாடகை குறையாது, புத்தக விலை குறையாது. உணவில் ஒரு வேளையைக் குறைத்தால் யார் அறியப் போகிறார்கள் என்று மனம் சொல்லும். இந்த எண்ணம் நன்மை பயக்குமா? முன்னாளில் இங்கிலாந்து சென்ற இருவரின் வரலாறு இதற்கு விடை கூறும்.

1888ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டன் சென்ற காந்தியடிகள், தொடக்கத்தில் பசியோடு வாழ்ந்தார். புலால் உண்பதில்லை என்று தாய்க்கு வாக்களித்திருந்தார். தங்கியிருந்த வீட்டிலே இன்னும் இரண்டு துண்டு ரொட்டி கேட்க அவருக்குக் கூச்சம். பின்னர் பாரிங்டன் வீதியில் சைவ உணவுச்சாலை ஒன்றைக் கண்டு வயிறார உண்டார். நாளடைவில் தம் கணக்கேட்டை ஆராய்ந்து சிக்கனத்தில் இறங்கினார். வண்டியேறாமல் நடந்தார். வாடகை குறைந்த ஓர் அறைக்கு மாறி, அங்கே அடுப்பு வைத்துக்கொண்டார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும், பகலில் வெளியே உணவு, இரவில் ரொட்டியும் கொக்கோவும் என்று முறை வகுத்தார். நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்சில் அவர் உணவு முடிந்தது. அவர் செலவைக் குறைத்தாரேயன்றி, வேளையைக் குறைக்கவில்லை.

1914ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்ற கணிதமேதை இராமானுஜனும் தம் கையாலேயே சமைத்தார். ஆனால் அவ்வாண்டே உலகப்போர் மூண்டது. வேண்டிய பொருள்கள் கிடைப்பது அரிதாயிற்று. கணக்கில் மூழ்கியவருக்கு அடுப்பு மூட்ட நேரம் வாய்க்கவில்லை. உணவு வேளை தவறியது. 1917இல் நோயுற்றார், 1919இல் தாயகம் திரும்பினார், 1920இல் தமது 32ஆம் வயதில் மறைந்தார். அவரது நோய் காசம் என்று அக்கால மருத்துவர் கருதினர். ஈரலைப் பற்றிய வேறு நோயாகலாம் என்று பிற்கால ஆய்வாளர் கருதுகின்றனர். உணவுக் குறைவே அவர் மறைவுக்குக் காரணம் என்பது பொருந்தாது. எனினும் முறைதவறிய உணவு நோயுற்ற உடலுக்கு வலுவூட்டியிருக்க இயலாது.

இருவரும் சமைத்தவர்களே. ஒருவரிடம் ஒழுங்கு இருந்தது. மற்றவருக்கு அது வாய்க்கவில்லை. வேறுபாடு அங்கேதான்.

மலைநாட்டுப் பிள்ளைக்கு அந்த ஒழுங்கைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. லயத்து அடுப்பிலே தாய் சுட்ட ரொட்டியும், அதனுடன் வைத்த பருப்புக் கறியும் நல்ல இணை. தானியத்தின் புரதத்தில் குறைவாக உள்ளதைப் பருப்பு நிரப்புகிறது. பருப்பில் குறைவாக உள்ளதைத் தானியம் நிரப்புகிறது. மைசூர்ப் பருப்பை ஊறவைக்க வேண்டுவதில்லை, விரைவில் வெந்துவிடும், இறைச்சியை நோக்க விலையும் மலிவு. குளிர்நாட்டுச் சந்தையிலே மலிவாகக் கிடைக்கும் மரக்கறிகள் எவை? கரட், கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு. பட்டிப்பொலப் பிள்ளைக்கு அந்நிய நாட்டில் முதலில் எதிர்ப்படும் பழகிய முகங்கள் இவையே.

சில எச்சரிக்கைகளும் உண்டு. ரொட்டியும் சம்பலும் தேநீரும் மட்டுமே உணவாகிவிடலாகாது. பருப்பும் கீரையும் நாள்தோறும் வேண்டும். உணவோடு சேர்த்துத் தேநீர் பருகினால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும். உண்டு ஒரு மணி நேரம் சென்றபின் பருகுவது நன்று. கீரையின்மேல் எலுமிச்சை பிழிவது அதனினும் நன்று. சமைத்த சோற்றை வெளியே வைத்து மறுநாள் உண்பது வயிற்றைக் கெடுக்கும். மிஞ்சியதை விரைவில் ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தல் வேண்டும். புலால் உண்ணாதோர் பாலையோ முட்டையையோ சேர்த்துக்கொண்டால் பி12 என்னும் உயிர்ச்சத்து கிடைக்கும். வெயில் குன்றிய வடநாட்டுக் குளிர்காலத்தில் டி உயிர்ச்சத்தும் குறையும். அதற்கான மாத்திரை குறித்து மருத்துவரைக் கேட்டறிவது தக்கது.

வாரத்தில் ஒருநாள் சந்தைக்குச் செல்வது, வாங்குமுன் பட்டியல் எழுதுவது, ஓரறைத் தோழர் இருவர் மூவராகச் சேர்ந்து ஒரே பானையில் சமைப்பது ஆகிய பழக்கங்கள் பணத்தையும் மிச்சப்படுத்தும், தனிமையையும் தணிக்கும். பசித்த வயிற்றோடு திறந்த புத்தகத்தில் மனம் நிலைப்பதில்லை. அப்படி மிஞ்சும் காசு, மருந்துக்கடையிலோ தேர்விலோ வட்டியோடு போய்விடும்.

தொலைபேசியில் மலைநாட்டுத் தாய் முதலிற் கேட்பது பாடத்தைப் பற்றியன்று, "சாப்பிட்டியா?" என்பதே அவள் கேள்வி. அதற்குப் பொய் சொல்லாமல் விடையளிக்கும் பிள்ளை, அவள் அனுப்பிய பணத்தைச் சரியாகவே செலவழிக்கிறது.