தேயிலை மலையிலிருந்து மக்காவின் வெயிலுக்கு

(புனிதப் பயணம் செல்வோருக்காக நம் சங்கம் நடத்திய வழியனுப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஹஜ், உம்ராவின் கடமைகளை ஹஸ்ரத் அவர்கள் அழகாக விளக்கினார்கள். எங்களுக்குக் கொடுத்த தலைப்பு அந்த நாட்டின் நிலமும் தட்பவெப்பமும். நாங்கள் படித்த நிபுணர்கள் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாதத்தில், இந்தக் கேமரன் மலையிலிருந்து உம்ராவுக்குச் சென்று வந்த பன்னிரண்டு பேர். அங்கே நாங்கள் செய்த ஒரு தவறை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே இன்று பேசுகிறோம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். சவூதி அரேபியா மலேசியாவைப் போல ஆறு மடங்குக்கும் மேல் பெரிய நாடு. அவ்வளவு பெரிய நாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. பாலைவனம் என்றதும் மணல்மேடுகளும் ஒட்டகங்களும்தான் நம் மனக்கண்ணில் வருகின்றன. அந்த மணற்கடல் தெற்கே உள்ள ரூபுல் காலியிலும் வடக்கே நஃபூதிலும் இருக்கிறது. நாம் போகும் ஹிஜாஸ் பகுதி அப்படியல்ல. செங்கடல் ஓரம் ஜித்தா; அங்கிருந்து கிழக்கே எண்பது கிலோமீட்டர் தொலைவில் மக்கா. மக்கா மணல்வெளி அன்று. மொட்டைப் பாறைக் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. பகலெல்லாம் வெயில் குடித்த பாறை, இரவில் அந்தச் சூட்டை வெளியே விடும். அதனால் கோடையில் பகல் 43 டிகிரி என்றால், இரவிலும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும்.

மதீனா வடக்கே சுமார் 450 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோடையில் அங்கும் கடும் வெயில்தான். ஆனால் ஜனவரியில் இரவில் 12 டிகிரி வரை இறங்கும். அந்த மாதத்தில் செல்பவர்கள் நம்மூர்க் கம்பளிச் சட்டையை எடுத்துவைக்கலாம். மக்காவுக்கு அருகிலுள்ள தாயிஃப் நகரம் தானா ராத்தாவைவிடவும் உயரமான மலையூர். அங்கே ரோஜாத் தோட்டங்கள் உண்டு. அந்நாட்டிலும் குளிர்ந்த மலை இருக்கிறது. ஆனால் நம் கடமைகள் கீழே, வெயிலில்தான்.

இப்போது மழை. நம் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. மக்காவில் சுமார் 110 மில்லிமீட்டர். அதுவும் நவம்பர் முதல் ஜனவரி வரை, இடியோடு சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும். பாறை தண்ணீரை உறிஞ்சாது. வறண்டு கிடக்கும் ஓடைகள் திடீரென்று ஆறாகிவிடும். 1941-இல் கஅபாவைச் சுற்றி மக்கள் நீந்தும் அளவுக்கு வெள்ளம் வந்தது. 2009 நவம்பரில், ஹஜ் நேரத்தில், ஜித்தாவில் வந்த வெள்ளத்தில் நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். 2013-இல் பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே மழை பிடித்தால் ஓடைப் பக்கமும் சுரங்கப்பாதைப் பக்கமும் போகாதீர்கள்.

இனி எங்கள் தவறுக்கு வருகிறோம்.

எங்கள் குழுவில் ஒரு நன்னி வந்தார்கள். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். கூடையோடு சரிவில் ஏறி இறங்கிய கால்கள். "வெயில் அதிகம் நன்னி, சக்கர நாற்காலி வைத்துக்கொள்வோமா?" என்று கேட்டோம். "நடக்கிறது எனக்குப் புதுசா, தம்பி?" என்று சிரித்துவிட்டார்கள். நாங்களும் விட்டுவிட்டோம்.

மூன்றாம் நாள், லுஹர் தொழுதுவிட்டு விடுதிக்கு நடந்து வந்தோம். கழிவறை தூரம், கூட்டம் அதிகம் என்பதால் காலையிலிருந்து நன்னி தண்ணீரே குடிக்கவில்லை. எங்களில் யாரும் கேட்கவும் இல்லை. அவருடைய உடையில் ஒரு துளி வியர்வை ஈரம் கிடையாது. வியர்க்கவில்லை, அதனால் களைப்பில்லை என்று நினைத்தோம். வழியில் திடீரென்று, "கொழுந்து நிறுத்தாச்சா?" என்று கேட்டார்கள். விளையாட்டாகச் சொல்கிறார் என்று எண்ணிச் சிரித்தோம். இன்றும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. அடுத்த சில அடிகளில் நன்னி சரிந்து விழுந்தார்கள்.

காரணத்தைப் பிறகு மருத்துவர் சொன்னார். இங்கிருந்து தாப்பாவுக்கு இறங்கினாலே நமக்கு வியர்த்து ஒழுகும். காற்றில் ஈரம் இருப்பதால் வியர்வை தோலிலேயே நிற்கிறது, நாமும் தெரிந்துகொள்கிறோம். மக்காவின் காற்று உலர்ந்தது. வியர்வை வெளிவந்த உடனே ஆவியாகிவிடும். உடலிலிருந்து தண்ணீர் போவது கண்ணுக்கும் தெரியாது, தாகமும் தாமதமாகத்தான் வரும். வயதானவர்களுக்கு இன்னும் தாமதம். உடல்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளை தடுமாறும். சம்பந்தமில்லாத பேச்சுதான் முதல் எச்சரிக்கை.

2024 ஹஜ்ஜின்போது ஹரம் பகுதியில் 51.8 டிகிரி பதிவானது. 1,301 பேர் இறந்ததாக அந்நாட்டு அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். ஆகவே குறுக்குவழிப் பயணம் வேண்டாம். ஹஜ் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே வருவதால் 2030-களின் நடுவில் அது பிப்ரவரிக்கு வந்துவிடும். தபோங் ஹாஜியில் பதிந்து காத்திருப்பவர்களுக்கு அது ஆறுதல். உம்ரா செல்பவர்களோ எந்த மாதத்திலும் செல்கிறார்கள்.

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள் இவை:

உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். புறப்படுமுன் ஈப்போவிலோ தாப்பாவிலோ உறவினர் வீட்டில் தங்கி, தினமும் சிறிது நேரம் நடந்து பழகுங்கள்.

தாகத்துக்குக் காத்திராமல் அடிக்கடி சிறிது சிறிதாகத் தண்ணீர் குடியுங்கள். இடையில் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலும் வேண்டும். இருதய, சிறுநீரக நோயாளிகளும் நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் தண்ணீர் அளவை மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள்.

இங்கே மழைக்குப் பிடிக்கும் குடையை அங்கே வெயிலுக்குப் பிடியுங்கள், வெளிர்நிறம் நல்லது. இஹ்ராமில் தலையை மூடக்கூடாத ஆண்களுக்கும் குடை ஆகும். செருப்பை வாசலில் விடாமல் பையில் வையுங்கள். தவாஃப் செய்யும் இடத்து வெள்ளைப் பளிங்கு குளிர்ந்திருக்கும். வெளியே தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும்.

அரஃபாத்தில் நம்மூர் வேப்பமரங்களே நிழல் தருகின்றன. அந்த நிழலையோ கூடாரத்தையோ விட்டு நண்பகலில் வெளியே அலையாதீர்கள்.

யாராவது தடுமாறிப் பேசினால் சிரிக்காதீர்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. மக்காவில் அவசர உதவிக்கு எண் 911.

அல்ஹம்துலில்லாஹ், நன்னி பிழைத்தார்கள். முகம் தெரியாத இரண்டு பேர் ஓடிவந்து தங்கள் தண்ணீர்ப் புட்டிகளை அவர்மேல் கவிழ்த்தார்கள். நான்கு நாள் மருத்துவமனையில் இருந்து, கடைசித் தவாஃபைச் சக்கர நாற்காலியில் செய்தார்கள். இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொன்னதால்தான் இதைச் சொன்னோம்.

ஹாஜரா அம்மையார் பச்சிளம் பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஓடியதைத்தான் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே நாம் ஸயீயாகச் செய்கிறோம். அந்த மண்ணில் தண்ணீரின் அருமையை அந்தத் தாய் நமக்குக் காட்டிவிட்டார்கள். ஜம்ஜம் பக்கத்திலேயே இருக்கும்போது, சிரமம் பார்த்துக் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். உங்களோடு வரும் பெரியவர்களைக் கேட்டுக் கேட்டுக் குடிக்க வையுங்கள்.

நல்லபடியாகப் போய், நலமாக மலையேறி வாருங்கள். எங்களுக்காகவும் துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.